பாராட்டித்தான் தடுக்கிறார்கள்!

(“பெண்களின் உயர்வுக்குப் பெருந்தடை வீடா? வேலையிடமா?” என்ற பட்டிமன்றத்தில் ‘வேலையிடமே’ அணியில் பேசியது. இடம்: புதுச்சேரி, ரெட்டியார்பாளையம்)

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! இவ்வளவு நேரம் மாமியார்களைத் திட்டித் தீர்த்த எதிரணி நண்பர்களே! அதைக் கேட்டுக் கைதட்டிய மருமகள்களே! கைதட்டாமல் உட்கார்ந்திருந்த மாமியார்களே! (சிரிப்பு)

ரெட்டியார்பாளையம் எனக்கு வெளியூர் இல்லீங்க. முப்பது வருஷத்துக்கு மேலா இங்கதான் குடியிருக்கேன். கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்த வாத்தியாரம்மா. இப்ப ரிட்டயர் ஆயாச்சு. எங்க தெருக்காரங்க முன்வரிசையில உக்காந்திருக்காங்க. என்கிட்ட படிச்ச பிள்ளைங்க பின்வரிசையில நிக்கிறாங்க. அதனால இந்த மேடையில நான் பொய் பேச வழியே இல்லை. உண்மையைத்தான் சொல்லணும். அதுலயும் கொஞ்சம் என்னைப் பத்தின உண்மை. அதைக் கடைசியில சொல்றேன். இப்பவே சொன்னா நடுவர் ஐயா எனக்கு எதிராத் தீர்ப்பு எழுதிடுவார்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? மாமியார் தடுக்கிறார், புருஷன் தடுக்கிறான், தோசைக்கல் தடுக்கிறது என்றார். சரி, தடுக்குது. நான் மறுக்கலை. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க நடுவர் அவர்களே! மாமியார் தடுத்தா அது தெரு முனை வரைக்கும் கேக்குது. எதுத்துச் சண்டை போடலாம். தனிக்குடித்தனம் போகலாம். இன்னொரு தடை இருக்கு. அது சத்தம் போடாது. ஆங்கிலத்துல, அழகான காகிதத்துல, கல்லூரி முத்திரையோட, உறைக்குள்ள ஒட்டி வரும். அதுல அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கூடக் கெட்டதா இருக்காது. பாராட்டாத்தான் இருக்கும். அந்தப் பாராட்டிலேயே கதவு சாத்திடும்!

சிபாரிசுக் கடிதம். நம்ம ஊர்ல சிபாரிசுன்னா உடனே எம்.எல்.ஏ. லெட்டர்னு நினைச்சுக்குவாங்க. (சிரிப்பு) அது இல்லீங்க. பி.எச்டி.க்குச் சேரணும், வெளிநாட்டு ஸ்காலர்ஷிப் வேணும், ஆராய்ச்சி நிலையத்துல வேலை வேணும்னா, பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் ரெண்டு மூணு பேர் எழுதிக் கொடுக்கணும். இந்தப் பிள்ளை எப்படிப்பட்டதுன்னு. மார்க் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறப்ப, எழுபது பேருக்கு மூணு இடம்தான்னு வர்றப்ப, அந்தக் கடிதம் தராசைச் சாய்க்கும். தான் எந்த வார்த்தையால சாய்ஞ்சோம்னு அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஏன்னா உறை ஒட்டியிருக்கு.

ஒரு காலத்துல இந்த மூடி மறைக்கிற வேலையெல்லாம் கிடையாது. நேராவே சொல்லிடுவாங்க. 1933-ம் வருஷம். கமலா பாக்வத்னு ஒரு பொண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் கமலா சோஹோனி. பம்பாய்ல பி.எஸ்ஸி. முடிச்சிட்டு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு மனு போடுறாங்க. அப்பாவும் சித்தப்பாவும் அங்கேயே படிச்ச கெமிஸ்ட்ரிக்காரங்க. மார்க்குக்குக் குறைவில்லை. ஆனா இடம் கிடையாது. ஏன்? பெண். அவ்வளவுதான் காரணம். சொன்னவர் யாரு தெரியுமா? அப்ப அங்கே டைரக்டரா இருந்தவர், நம்ம திருச்சியில பிறந்தவர், நோபல் பரிசு வாங்கின சர் சி.வி. ராமன்.

அந்தப் பொண்ணு அழுதுட்டு ஊருக்குத் திரும்பலை. நேரா அவர் ஆபீசுக்கே போய் நின்னுது. காரணம் சொல்லுங்கன்னு கேட்டுது. காந்தி காலம் இல்லையா, சத்தியாக்கிரகம்! கடைசியில சேர்த்துக்கிட்டார், நிபந்தனையோட. ஒரு வருஷம் முறையான மாணவியாக் கணக்குல வராது. வழிகாட்டி சொன்னா ராத்திரியிலயும் வேலை பார்க்கணும். ஆய்வுக்கூடத்துல இருக்கிற ஆம்பளைங்க கவனம் சிதறக் கூடாது. ஐயா, கவனம் சிதறுறது அவங்களுக்கு, நிபந்தனை இவங்களுக்கு! (கைதட்டல்) ஒரு வருஷம் கழிச்சு அவருக்கே திருப்தி. சேர்த்துக்கிட்டார். அந்தப் பொண்ணு அப்புறம் கேம்பிரிட்ஜ் போய், 1939-ல டாக்டர் பட்டம் வாங்கினாங்க. ஆய்வேடு எத்தனை பக்கம் தெரியுமா? நாற்பது பக்கம். இப்ப நம்ம பிள்ளைங்க நன்றியுரையே நாற்பது பக்கம் எழுதுறாங்க. (சிரிப்பு)

எதிரணி அக்கா உடனே சொல்வாங்க, அது அந்தக் காலம், இப்ப யாரு அப்படிச் சொல்றான்னு. அதேதான் நானும் சொல்றேன். இப்ப யாரும் சொல்றதில்லை. சொல்லாமத்தான் நடக்குது. அன்னைக்குக் கமலா போய் நிக்க ஒரு வாசல் இருந்துது. இன்னைக்கு எந்த வாசல்ல போய் நிக்கிறது?

இன்னொண்ணு பாருங்க. தெரியாதவங்க எழுதினாத்தான் இப்படி ஆகும், தெரிஞ்ச மனுஷன் எழுதினா நியாயமா இருக்கும்னு நினைப்போம். நம்ம புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரங்க கதை புதுசு இல்லை. சொல்தா வீட்டுப் பிள்ளைங்க இங்கேயே உக்காந்திருக்கீங்க. அதனால பாரிஸ் கதை ஒண்ணு சொல்றேன். 1903. இயற்பியல் நோபல் பரிசுக்குப் பிரெஞ்சு விஞ்ஞான அகாதமியைச் சேர்ந்த நாலு பேர் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதுறாங்க. எல்லாம் பெரிய தலைங்க. பான்கரே, தார்பூ, மஸ்கார், லிப்மன். கதிரியக்கம்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்காங்க, பெக்கரலுக்கும் பியர் கியூரிக்கும் பரிசு கொடுங்கன்னு எழுதினாங்க. மேரி கியூரி? பேரே இல்லை!

டன் கணக்குல தாதுவைக் கொதிக்க வெச்சுக் கிளறினது அந்த அம்மா. ‘கதிரியக்கம்’ங்கிற பேரையே வெச்சவங்க கியூரி தம்பதி. அந்த நாலு பேர்ல லிப்மன் இருக்காரே, அவர் மேரிக்கு வேண்டாதவர் இல்லீங்க. 1898-ல இந்தக் கதிர்களைப் பத்தி மேரி எழுதின முதல் கட்டுரையை அகாதமியில வெச்சவரே அவர்தான். 1903 ஜூன்ல மேரியோட டாக்டர் பட்டத் தேர்வுக்கு உக்காந்தவங்கள்ல அவரும் ஒருத்தர். தெரிஞ்ச மனுஷன். உதவி செஞ்ச மனுஷன். பேனாவை எடுத்தா மட்டும் பேர் வரலை. ஸ்வீடன்ல மித்தாக்-லெப்லர்னு ஒரு கணித மேதை இதைப் பார்த்துட்டு பியருக்கு எழுதினார். மனைவியையும் சேர்த்தே கருதணும்னு பியர் பதில் போட்டார். அப்புறம்தான் பரிசுல மேரி பேர் வந்துது. இங்க ஒண்ணு கவனிக்கணும். எதிரணிக் கணக்குப்படி தடுக்க வேண்டியவர் புருஷன். அவர்தான் எழுதி வாங்கிக் கொடுத்திருக்கார். தடுத்தது ஆபீஸ்! (பலத்த கைதட்டல்) அதே அகாதமிக்கு 1911-ல உறுப்பினராக நின்னாங்க. ஒண்ணு ரெண்டு ஓட்டுல தோத்தாங்க. அந்த வருஷக் கடைசியிலேயே ரெண்டாவது நோபல் பரிசு வந்துது. அந்த அகாதமி ஒரு பெண்ணை முழு உறுப்பினரா ஏத்துக்கிட்டது எப்போ? 1979-ல.

நம்ம மெட்ராஸுக்கும் ஒரு பங்கு இருக்கு. அன்னா மாணி, பிரசிடென்சி காலேஜ்ல பி.எஸ்ஸி. ஆனர்ஸ். ராமனோட ஆய்வுக்கூடத்துலயே வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ஞ்சு, அஞ்சு கட்டுரை தனியா வெளியிட்டு, 1945-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தாங்க. எம்.எஸ்ஸி. இல்லை, அதனால டாக்டர் பட்டம் கிடையாதுன்னுட்டாங்க. போங்கய்யான்னு லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படிச்சிட்டு வந்து, இந்திய வானிலைத் துறையில துணைத் தலைமை இயக்குநர் வரைக்கும் உயர்ந்து 1976-ல ஓய்வு பெற்றாங்க. பட்டம் இல்லாமலே.

இப்ப என் கதைக்கு வர்றேன். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடணும்.

1996. எம்.எஸ்ஸி. முடிச்ச ரெண்டு பேர் என்கிட்ட சிபாரிசுக் கடிதம் கேட்டாங்க. ஒரு பையன், ஒரு பொண்ணு. மார்க் ஏறக்குறைய சமம். ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் மனு போடுறாங்க. நான் ஞாயித்துக்கிழமை உக்காந்து ரெண்டு கடிதத்தையும் கையால எழுதி, விழுப்புரம் ரோட்டுல அப்ப இருந்த ஒரு டைப்பிங் சென்டர்ல கொடுத்தேன். டைப் அடிக்கிற பொண்ணுக்குப் பத்தொன்பது இருபது வயசு இருக்கும். ப்ளஸ் டூவோட நிறுத்தினவ. சாயந்திரம் வாங்கப் போனா, காகிதத்தைக் கையில கொடுத்துட்டு மெதுவாச் சொல்லுது: “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அண்ணனுக்கு நீங்க எழுதினது வேலைக்கு அனுப்புற லெட்டர் மாதிரி இருக்கு. இந்த அக்காவுக்கு எழுதினது ஜாதகத்தோட அனுப்புற லெட்டர் மாதிரி இருக்கு.” (சிரிப்பு)

நீங்க சிரிக்கிறீங்க. நான் அன்னைக்குச் சிரிக்கலை. “உன் வேலையைப் பாரு”ன்னுட்டேன். உறையில போட்டு ஒட்டி அனுப்பிட்டேன். பையனுக்கு இடம் கிடைச்சுது. பொண்ணுக்குக் கிடைக்கலை. என் கடிதத்தாலதான் கிடைக்கலைன்னு என்னால சொல்ல முடியாது. என் கடிதத்தால இல்லைன்னும் சொல்ல முடியாது. அதுதான் நடுவர் அவர்களே, என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

ரொம்ப வருஷம் கழிச்சு எங்க துறைக்குப் புதுசா வந்த ஒரு ஆசிரியை என்கிட்ட ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுத்தாங்க. பிரான்சிஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கான்னு அமெரிக்காவுல ரெண்டு பெண்கள் 2003-ல வெளியிட்டது. ஒரு பெரிய மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியர் வேலைக்கு வந்த சிபாரிசுக் கடிதங்கள், முந்நூறுக்கு மேல எடுத்து வார்த்தை வார்த்தையா எண்ணியிருக்காங்க. எல்லாம் வேலை கிடைச்சவங்களோட கடிதங்கள்! அதுலயே பெண்களுக்கு எழுதினது நீளம் குறைச்சல். ஆண்னா அவனோட ஆராய்ச்சி, அவனோட திறமை. பெண்னா அவளோட கற்பித்தல், அவளோட உழைப்பு. சந்தேகத்தைக் கிளப்புற மாதிரி ஒரு வாக்கியமாவது இருக்கிற கடிதங்கள் பெண்கள் பக்கம் ரெண்டு மடங்கு.

அதைப் படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி பரணிலிருந்த பழைய ஃபைலை இறக்கினேன். கார்பன் காப்பி ரெண்டும் இருந்துது. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சேன். பையனுக்கு இருபத்தொரு வரி. பொண்ணுக்கு ஒன்பது வரி. பையன்: ‘சுயமாகச் சிந்திப்பவர். ஆராய்ச்சிக்கென்றே பிறந்தவர். எந்தத் துறைக்குச் சென்றாலும் பெருமை சேர்ப்பார்.’ பொண்ணு: ‘கடின உழைப்பாளி. ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. பணிவானவர். பொறுமைசாலி. அனைவருடனும் அனுசரித்துப் போவார். மற்றவர்களுக்கு உதவும் மனப்பான்மை உடையவர். குடும்பச் சூழ்நிலையையும் மீறிச் சமாளித்துவிடுவார் என நம்புகிறேன்.’

இதுல ஒரு வார்த்தை கெட்ட வார்த்தை இருக்கா? இல்லை. ஆனா அந்த ‘உதவும் மனப்பான்மை’ இருக்கே, அது எங்கேருந்து வந்துதுன்னு சொல்றேன். அந்தப் பையனோட ப்ராஜெக்ட், தண்ணியில இரும்புச் சத்து எவ்வளவுன்னு அளக்கிறது. மூணு வாரமா ரீடிங் கன்னாபின்னான்னு வருது. இரும்பே இல்லாத வெறும் தண்ணியில இரும்பு காட்டுது. நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன். இந்தப் பொண்ணுதான் ஒரு நாள் சாயந்திரம் தனியா உக்காந்து, எங்க டிஸ்டில்டு வாட்டரையே சோதிச்சுப் பார்த்துது. தண்ணி காய்ச்சி வடிக்கிற கருவியோட குழாய் துருப்பிடிச்சு, அந்த இரும்புதான் எல்லார் ரீடிங்கிலயும் கலந்திருக்கு! கண்டுபிடிச்சது யாரு? அவ. அதையே ஒரு பையன் செஞ்சிருந்தா நான் என்ன எழுதியிருப்பேன்? ‘கூர்மையான ஆராய்ச்சி அறிவு’ன்னு எழுதியிருப்பேன். அவ செஞ்சா? ‘உதவும் மனப்பான்மை’! (கைதட்டல்) கைதட்டாதீங்க, நான் குற்றவாளிக் கூண்டுல நிக்கிறேன்.

பொம்பளையே பொம்பளைக்கு இப்படி எழுதலாமான்னு எதிரணித் தம்பி முணுமுணுக்கிறது கேக்குது. எழுதலாமான்னு கேட்டா கூடாதுதான். ஆனா எழுதுறோம். 2012-ல யேல் பல்கலைக்கழகத்துல ஒரு சோதனை. ஆய்வுக்கூட மேலாளர் வேலைக்கு ஒரே விண்ணப்பம். பாதிப் பேருக்கு ஜான்னு பேர் போட்டு அனுப்பினாங்க, பாதிப் பேருக்கு ஜெனிபர்னு. வாங்கிப் பார்த்தவங்க 127 விஞ்ஞானப் பேராசிரியர்கள். ஜானுக்குச் சராசரியா 30,238 டாலர் சம்பளம் கொடுக்கலாம்னாங்க. ஜெனிபருக்கு 26,508. ஒரு எழுத்து மாறலை, பேர் மட்டும்தான் மாறியிருக்கு. இதுல பெண் பேராசிரியர்களும் ஆண்களுக்குச் சளைக்காமத்தான் குறைச்சுப் போட்டிருக்காங்க. அதனால இது ஆம்பளை பொம்பளைச் சண்டை இல்லீங்க. நாற்காலியில உக்காந்தா யாருக்கும் வர்ற வியாதி.

சரி, கடிதத்தைத் தாண்டி இன்டர்வியூவுக்கு வந்தாச்சுன்னு வையுங்க. ஒரு முறை ஒரு தேர்வுக் குழுவுல நானும் ஒருத்தி. எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க. ஒரு பொண்ணு உள்ளே வருது. முதல் கேள்வி, “வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்?” ரெண்டாவது கேள்வி, “குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?” அடுத்து வந்த பையனுக்கும் மனைவி இருக்கு, கைக்குழந்தை இருக்கு. விண்ணப்பத்துலயே எழுதியிருக்கு. அவன்கிட்ட கேட்டது தெர்மோடைனமிக்ஸ்! வீடுதான் தடைன்னு பேசினீங்களே, அந்த வீட்டைத் தூக்கிக்கிட்டு வந்து இன்டர்வியூ மேஜை மேல வெச்சது யாரு? மாமியாரா? (பலத்த கைதட்டல்) நான் அந்த மேஜையில வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அதையும் சொல்லிடறேன்.

சட்டம் இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு. 2018-ல யு.ஜி.சி. போட்ட விதிமுறையில, தேர்வுக் குழுவுல தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத் திறனாளிகள் இந்தப் பிரிவுகள்லேருந்து ஒரு கல்வியாளர் இருக்கணும்னு இருக்கு, அப்படிப்பட்டவங்க விண்ணப்பம் போட்டிருந்தா. ஒருத்தர்! இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு நாற்காலி. நம்ம டவுன் பஸ்ல கூட இதைவிடத் தாராளமா மகளிர் சீட் விட்டிருக்காங்க. (சிரிப்பு)

முதல்ல பேசின அக்கா கலைச்செல்வி பேரைச் சொன்னாங்க. நானும் பெருமையோட சொல்றேன். நல்லதம்பி கலைச்செல்வி, அம்பாசமுத்திரத்துப் பொண்ணு, தமிழ் மீடியத்துல படிச்சவங்க. 2022-ல சி.எஸ்.ஐ.ஆர். தலைமைக்கு வந்தாங்க, முதல் பெண்மணி. ஆனா அந்த நிறுவனம் ஆரம்பிச்சது 1942. எண்பது வருஷம்! அதே சி.எஸ்.ஐ.ஆர். கொடுத்த பட்நாகர் பரிசு இருக்கு பாருங்க, 2022-ம் வருஷத்துப் பட்டியலை 2023-ல அறிவிச்சாங்க. பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் ஆண்கள். தலைமையில ஒரு பெண் இருக்கிறப்பவே! அந்த அம்மா மேல நான் குறை சொல்லலை. அந்தப் பரிசுக்கு அப்ப நாமளா மனு போட முடியாம இருந்துது. பெரிய பதவியில இருக்கிற யாராவது பேரை எழுதி அனுப்ப வேண்டியிருந்துது. கீழேருந்து பேரே வரலைன்னா மேல உக்காந்திருக்கிறவங்க எதைத் தேர்ந்தெடுப்பாங்க? மறுபடியும் கடிதம். மறுபடியும் யார் பேனாவுல யார் பேர் வருதுங்கிற கதை. அங்கேயும் லிப்மன் மாதிரி நல்ல மனுஷங்கதான் உக்காந்திருக்காங்க.

அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்க. ஒரு ஸ்கூல்ல டீச்சராச் சேர்ந்தா. கல்யாணம் ஆச்சு, ரெண்டு குழந்தை. பகுதி நேரமா பி.எச்டி. முடிச்சா. அதுக்கு உதவினது அவளோட மாமியார், எதிரணி குறிச்சுக்கோங்க. (சிரிப்பு) 2009-ல மறுபடியும் என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. “மேடம், ஒரு லெட்டர் வேணும்.” அந்த ஒன்பது வரியைப் பத்தி அவளுக்குத் தெரியாது. நான் கார்பன் காப்பியை எடுத்து அவ கையிலயே கொடுத்தேன். படிச்சா. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. “நல்லாத்தானே மேடம் எழுதியிருக்கீங்க”ன்னா. அதுதான் எனக்கு அடி. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன்.

புதுசா எழுதினேன். டிஸ்டில்டு வாட்டர் கதையை முதல் பத்தியிலேயே வெச்சேன். ரெண்டு பக்கம். உறையை ஒட்டாம அவகிட்ட படிக்கக் கொடுத்தேன். வழக்கம் அது இல்லை, இருக்கட்டும். பேனாவை வாங்கி ஒரே ஒரு வார்த்தையை அடிச்சா. ‘பொறுமைசாலி.’ பழக்க தோஷம், மறுபடியும் எழுதியிருக்கேன்! “அந்தப் பொறுமை இப்ப எனக்கு இல்லை மேடம்”னு சொன்னா. அந்த வேலை கிடைக்கலை. அடுத்த வருஷம் வேற ஒரு காலேஜ்ல கிடைச்சுது. பதினாலு வருஷம் தாமதம். அந்தப் பையன் பல வருஷம் முன்னாடியே வேலையில உக்காந்துட்டான். நல்ல பையன்தான், இப்பவும் தீபாவளிக்குப் போன் பண்ணுவான். அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்ப அவ கடிதம் எழுதிக் கொடுக்கிற இடத்துல இருக்கா. போன மாசம் ஒரு மாணவிக்கு எழுதினதை எனக்கு அனுப்பி, “மேடம், ஒரு தடவை பாருங்க, உங்க தப்பை நான் செஞ்சிடக் கூடாது”ன்னா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சேன். பிரமாதமா எழுதியிருந்தா. நாலாவது வரிக்கு வந்தேன். ‘பணிவானவர்.’ அடிச்சுத் திருப்பி அனுப்பினேன்.

மணி அடிச்சுட்டாங்க. (கைதட்டல்)